சொல்லாமல் விட்ட மாத்திரைகள்: புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவுகளை அடக்கும் புதிய வழிகள்

பெரியம்மாவின் கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார், சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடைக்காரர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரேகையே காணோம்?" என்றார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று மின்னியது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கேப்சைடபின் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காபி டம்ளரை முந்தானையால் பிடிப்பதையும், புளி கரைக்க அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதையும் நாங்கள் பலவீனம் என்றே நினைத்திருந்தோம். அன்று மாலைதான் உண்மையைச் சொன்னார்: "காலையில போடுறத மட்டும் போட்டுக்கிட்டேன்ப்பா. ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன். கை எரியுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னா மருந்தையே நிறுத்திப்புடுவாரு, அப்புறம் நோவு திரும்பி வந்துருமில்ல?"

மருந்து நின்றுவிடுமே என்ற பயத்தில் மருந்தைத் தானே பாதியாக்கிக்கொண்டார். புற்றுநோய் வார்டுகளில் இது தினமும் நடக்கிற கதை. புதுமருந்து வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரி மாத்திரைகள்தான் நினைவுக்கு வரும். எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் நோயாளியால் தாங்க முடிந்தால்தான் அது உடம்புக்குள் போகும். பக்கவிளைவைக் கட்டுப்படுத்துவது சிகிச்சையின் ஓரத்தில் நடக்கும் உபகாரம் அல்ல, சிகிச்சையின் பாதியே அதுதான். கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பாதியில் வந்திருக்கும் முன்னேற்றங்கள் அருமையானவை. அவற்றில் முக்கியமான சில, இந்திய மருத்துவமனைகளில் சில ரூபாய் மருந்துகளை வைத்துக் கண்டறியப்பட்டவை.

முதலில் கை எரிச்சலையே எடுத்துக்கொள்வோம். கேப்சைடபின் வாய்வழியாகப் போடும் கீமோ. உடம்புக்குள் போனபின் 5-ஃப்ளோரோயுராசில் என்ற பழைய மருந்தாக மாறி, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்குப் பரவலாகக் கொடுக்கிறார்கள். ஊசி, டிரிப்ஸ், படுக்கை எதுவும் வேண்டாம், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. அடி வாங்குவது உள்ளங்கையும் உள்ளங்காலும். சிவப்பு, மதமதப்பு, எரிச்சல், உரிதல், வெடிப்பு என்று படிப்படியாகப் போகும். ரேகை அழிவதும் புதிதல்ல. 2008 டிசம்பரில் இதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் விரல்ரேகை பதியவில்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவருடைய மருத்துவர் அதை மருத்துவ இதழில் எழுதி, இனி இந்த மருந்து எடுப்பவர்கள் வெளிநாடு போகும்போது டாக்டர் கடிதம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எச்சரித்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ரேஷன் கடையிலேயே அந்தக் கடிதம் தேவைப்படுகிறது.

இந்த எரிச்சலுக்குப் பின்னால் இருப்பது அழற்சி. அதில் காக்ஸ்-2 என்ற நொதிக்குப் பங்கு உண்டு. அந்த நொதியை அடக்கும் செலிகாக்சிப் என்ற வலிமாத்திரை கொடுத்தால் கை-கால் எரிச்சல் குறைவதை முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் வலிமாத்திரை விழுங்கினால் இரைப்பைக்கும் இதயத்துக்கும் கேடு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: விழுங்குவதற்குப் பதில் தடவினால் என்ன? அதே நொதியை அடக்கும், மூட்டுவலிக்கு நாம் தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல்தான். கேப்சைடபின் எடுக்கும் 264 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்த ஜெல்லையும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத ஜெல்லையும் கொடுத்து, கைகளில் தினம் இரண்டு வேளை, 12 வாரம் தடவச் சொன்னார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கை பாதிக்கப்பட்டவர்கள், மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம், டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் 3.8 சதவீதம். கேப்சைடபின் அளவைக் குறைக்க நேர்ந்தவர்கள் 13.5 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் குறைந்தார்கள். 2024இல் இது வெளிவந்தது.

எனக்கு முதல் எண்ணைவிட இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. கை குணமானது நல்லதுதான், அதைவிடப் புற்றுநோய் மருந்து குறையாமல் உள்ளே போனது முக்கியம். மெடிக்கலில் எவரும் வாங்கிவிடக்கூடிய ஒரு ட்யூப் அதைச் செய்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், அலர்ஜி இருப்பவர்களுக்குத் தடவும் மருந்திலும் கவனம் வேண்டும், ஏற்கெனவே வெடித்துப் புண்ணான தோலில் போடக் கூடாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "இந்த ஜெல் எனக்கு ஆகுமா?" என்று கேளுங்கள், போதும்.

வாந்திக்கு வருவோம். கீமோ என்ற சொல்லோடு நம் மனசில் ஒட்டிக்கொண்டிருப்பது மொட்டைத் தலையும் வாந்தியும்தான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்த 1970களில் அந்தப் பயம் நியாயமானது, நாள் முழுக்க வாந்தி எடுத்து, பாதியிலேயே சிகிச்சையை விட்டு ஓடியவர்கள் ஏராளம். கீமோ மருந்து குடல் சுவரில் உள்ள சில செல்களைச் சீண்ட, அவை செரட்டோனின் என்ற ரசாயனத்தை வெளிவிட, அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தட்டியெழுப்புகிறது என்று புரிந்தபின், அந்தப் பாதையை அடைக்கும் ஒன்டான்செட்ரான் பிறந்தது. 1991இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் நாள் வாந்தி பெருமளவு அடங்கியது. இரண்டாம் நாளிலிருந்து வரும் வாந்திக்கு வேறொரு பாதை இருப்பது தெரிந்து, 2003இல் அப்ரெபிடன்ட் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று பிடிபடாமலே நின்றது: குமட்டல். வாந்தி வராது, ஆனால் சோற்றைக் கண்டாலே வயிறு புரட்டும், தாளிக்கும் வாசனை வந்தால் எழுந்து போய்விடத் தோன்றும். வாந்தியை எண்ணலாம், குமட்டலை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததை மருத்துவம் ரொம்ப நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் கைகொடுத்தது மனநல மருந்தான ஒலன்சபின். 380 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லாதவர்கள் வழக்கமான மருந்துகளோடு 45 சதவீதம், ஒலன்சபின் சேர்த்தபோது 74 சதவீதம். ஆனால் அந்த 10 மில்லிகிராம் மாத்திரை போட்டால் ஆளை அடித்துப் போட்டமாதிரி தூக்கம். கீமோ முடிந்து இரண்டு பஸ் மாறி ஊர் திரும்புகிற ஒரு பெண்ணை, துணைக்கு வந்த மகன் கைத்தாங்கலாக இழுத்துப்போவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இந்த இடத்தில் நுழைந்தது. கடும் வாந்தி தரும் கீமோ எடுப்பவர்களில் ஒரு பிரிவுக்கு 10 மில்லிகிராம், இன்னொரு பிரிவுக்கு நாலில் ஒரு பங்கு, வெறும் 2.5 மில்லிகிராம். வாந்தி கட்டுப்பட்டது இரண்டிலும் ஒரே அளவுதான், 44 சதவீதமும் 45 சதவீதமும். முதல் நாளில் கடுமையான தூக்கக் கலக்கம் மட்டும் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக விழுந்தது. 2024 ஜனவரியில் வந்த முடிவு இது. மெடிக்கலில் இந்தச் சீட்டைக் கொடுத்தால், "இது மனநோய்க்கான மாத்திரையாச்சே" என்று யாராவது சொல்லக்கூடும். பயந்து தூக்கிப் போட்டுவிட வேண்டாம், வாந்திக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். எரிச்சலும் குமட்டலும் வாட்டும், காய்ச்சல் உயிரையே எடுக்கும். கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று வார்டில் சொல்வது இதைத்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போன நேரத்தில் வரும் காய்ச்சல், சாதாரணச் சளிக் காய்ச்சல் அல்ல. 100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் படுத்தால் தெர்மாமீட்டர் இறங்கிவிடும், ரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டே இருக்கும். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளை அணுவைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி 1991இல் வந்தது. இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கத் தொடங்கியபின் விலை இறங்கி, மாவட்டத் தலைநகரங்களில்கூடக் கிடைக்கிறது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் கீமோ தொடங்கவே கூடாது என்பேன்.

பெரியம்மாவுக்கு மாத்திரையோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸும் ஏறியது. அந்த மருந்துக்கும் குளிருக்கும் ஆகவே ஆகாது. டிரிப்ஸ் ஏறி இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜைத் திறந்து தோசை மாவுப் பாத்திரத்தைத் தொட்டவர், கரண்ட் அடித்தமாதிரி கையை உதறினார். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும்போல இருக்கும். இது சில நாளில் போய்விடும். போகாதது, ஒவ்வொரு சுற்று டிரிப்ஸ் ஏற ஏறச் சேர்ந்துகொண்டே வரும் நரம்புப் பாதிப்பு. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆனபின்னும் இது நீடிக்கக்கூடும்.

இதற்குத் தடுப்பு மருந்து தேடி ஆய்வாளர்கள் ஓய்ந்துபோனார்கள். நரம்புவலிக்கு டுலாக்ஸெட்டின் ஓரளவு உதவும், மரத்துப்போனதை அது திருப்பாது. சத்து மாத்திரை என்று நம்பிய அசிட்டைல்-எல்-கார்னிடின் அதைவிட மோசம்: மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸேன் வகைக் கீமோ எடுத்த பெண்களிடம் சோதித்தபோது நரம்புப் பாதிப்பை அது கூட்டிவிட்டது. "நரம்புக்கு நல்லது, பக்கவிளைவு இல்லாதது" என்று உறவினர்கள் வாங்கிவரும் டப்பாக்களை டாக்டரிடம் காட்டாமல் திறக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

உண்மையான தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. ஆறு மாதம் கொடுக்கிறோமே, மூன்று மாதம் போதாதா என்று கேட்டார்கள். பல நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 12,834 பேரின் விவரங்களைப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். அபாயம் குறைந்த பிரிவினருக்கு, கேப்சைடபினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதமே கிட்டத்தட்ட ஆறு மாதத்தின் பலனைத் தந்தது. நரம்புப் பாதிப்போ 45 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. இருபது வருடத்தில் பக்கவிளைவுக்குக் கிடைத்த மிகச்சிறந்த மருந்து எது என்று என்னைக் கேட்டால், கொடுக்காமல் விட்ட அந்த மூன்று மாத மருந்தைத்தான் சொல்வேன்.

"எவ்வளவு போதும்?" என்ற இந்தக் கேள்வி இன்று புற்றுநோய் மருத்துவம் முழுக்கப் பரவியிருக்கிறது. பழைய கீமோ காலத்தில், நோயாளி தாங்கக்கூடிய உச்ச அளவைக் கண்டுபிடித்து அதையே நிர்ணயிப்பது வழக்கம். அதிகம் கொடுத்தால் புற்றுநோய் செல்கள் அதிகம் சாகும் என்ற கணக்கு. குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளுக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பூட்டு முழுக்கச் சாவி நிறைந்தபின் இன்னொரு சாவியைத் திணித்து என்ன பயன்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2021இல், உச்ச அளவை அல்ல, சரியான அளவைக் கண்டுபிடியுங்கள் என்று கம்பெனிகளை நெருக்கத் தொடங்கியது.

டாடா மெமோரியல் இதையும் செய்துகாட்டியது. முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஆய்வு நடந்தபோது அதன் விலை நம்மூரில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாததாக இருந்தது. அங்கே மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் வழக்கமான அளவில் ஆறு சதவீதம்கூட இல்லை. மலிவான மூன்று மாத்திரைகள் எல்லோருக்கும் பொது, பாதிப் பேருக்கு இந்தத் துளி ஊசியும் கூட. 151 பேரில் செய்த இந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி இல்லாமல் 16.3 சதவீதம், ஊசியோடு 43.4 சதவீதம். கடும் பக்கவிளைவு கூடவில்லை. முழு அளவோடு இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு அல்ல இது, அதை மறக்கக் கூடாது. ஆனால் இந்த நோயாளிகளுக்கு முழு அளவு என்பது கனவாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டுதான்: துளி, அல்லது ஒன்றுமில்லை.

புதுவகைச் சிகிச்சையின் பக்கவிளைவும் புதுவகை. இம்யூனோதெரபி எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை எடுத்துவிடுகிறது, அந்தச் சக்தி புற்றுநோயோடு நிற்காமல் சொந்த உறுப்புகள் மீதும் பாயலாம். குடலில் பாய்ந்தால் வயிற்றுப்போக்கு, நுரையீரலில் பாய்ந்தால் வறட்டு இருமல், தைராய்டில் பாய்ந்தால் தீராத சோர்வு. கீமோவில் வரும் வயிற்றுப்போக்குக்குக் கட்டுப்படுத்தும் மாத்திரை, இதற்கோ ஸ்டீராய்டு. ஊரில் பக்கத்து டாக்டர் இதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து மருந்து கொடுத்தால் நாட்கள் வீணாகும். கடைசி ஊசி போட்டுப் பல மாதம் கழித்தும் இது வரலாம் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் "நான் இம்யூனோதெரபி எடுத்தவன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

பக்கவிளைவை அடக்கத் தெரிந்ததால் ஒரு சிகிச்சையே பிழைத்த கதையும் உண்டு. 2012 ஏப்ரலில், ரத்தப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ஃபிலடெல்ஃபியாவில் கார்-டி செல்களை ஏற்றினார்கள். அவளுடைய எதிர்ப்பு அணுக்களையே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றித் திருப்பி ஏற்றும் முறை அது. இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். காய்ச்சல் கொதித்தது, ரத்த அழுத்தம் விழுந்தது, செயற்கை சுவாசம் வைத்தார்கள். ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் தாறுமாறாக ஏறியிருந்தது பரிசோதனையில் தெரிந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதனால் அதே பொருளைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எமிலி கண்விழித்தது தன் ஏழாவது பிறந்தநாளில். அன்று அந்தக் குழந்தை இறந்திருந்தால் கார்-டி ஆராய்ச்சி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். 2017இல் அமெரிக்கா முதல் கார்-டி சிகிச்சைக்கு அனுமதி தந்த அதே நாளில், டோசிலிசுமாப்பையும் இந்தப் பயன்பாட்டுக்காக அனுமதித்தது. பம்பாய் ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. விலை அமெரிக்காவில் ஆகும் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்படியும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்தான்.

கடைசியாக, மருந்தே இல்லாத ஒரு ஆய்வு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர். ஒரு பிரிவினர் வலி, குமட்டல், மூச்சுத்திணறல் என்று 12 தொந்தரவுகள் எப்படி இருக்கின்றன என்பதைத் தாங்களே கணினியில் பதிய வேண்டும், ஏதாவது மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கம்போல, டாக்டரைப் பார்க்கும்போது சொன்னால் உண்டு. தொந்தரவைப் பதிந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 31.2 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 26. பதிந்தவர்கள் கீமோவையும் கூடுதல் காலம் தாங்கினார்கள், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் குறைவாகவே ஓடினார்கள். சொன்னதால் ஐந்து மாதம். 2017இல் இது வெளிவந்தபோது, அந்த ஐந்து மாதத்தைக் கொடுக்காத எத்தனையோ விலை உயர்ந்த மருந்துகள் சந்தையில் இருந்தன.

பெரியம்மாவுக்குக் கணினி தெரியாது. நான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் காட்டினேன். ராத்திரி தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் எழுத வேண்டும்: எத்தனை மாத்திரை போட்டார், கை எரிச்சல் பத்துக்கு எவ்வளவு, எத்தனை தடவை வாந்தி, காய்ச்சல் எத்தனை டிகிரி. பேனா பிடிக்கக் கை வலித்த நாட்களில் அண்ணன் மகள் எழுதினாள். பதினெட்டுத் தாளை ரப்பர் பேண்ட் போட்டு அடுத்த முறை டாக்டர் மேஜையில் வைத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் நிறுத்தி, "இங்க எரிச்சல் ஏழுன்னு இருக்கு, ராத்திரி மாத்திரை போடலன்னு இருக்கு. அன்னைக்கே ஏம்மா போன் பண்ணல?" என்றார்.

"மருந்த நிறுத்திப்புடுவீங்கன்னுதான் சார்."

"நிறுத்த மாட்டேன்மா. ஒரு வாரம் இடைவெளி விட்டு, கொஞ்சம் அளவைக் குறைச்சுக் கொடுப்பேன். ராத்திரி மாத்திரைய விட்டுட்டு நீங்க போட்டதைவிட அது அதிக மருந்துதான்" என்றபடி புதுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.